பல்சக்கரம் ஏன் குன்னூரோடு நின்றுவிடுகிறது? நீலகிரி மலை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயிலில் போனவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். நீராவி இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை ஒன்று தொடங்கும். இன்ஜினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். சரிவு அவ்வளவு கடுமை: 12.28 மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே. குன்னூர் வந்ததும் அந்தப் பட்டை முடிந்துவிடும். நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். பலகாரம் வாங்க இறங்கியவர்கள் திரும்பி ஏறியதும், சாதாரண ரயில் மாதிரியே வண்டி ஊட்டிக்குப் போய்விடும்.

ஆனால் ஊட்டி குன்னூரை விட உயரம். மேட்டுப்பாளையம் 326 மீட்டர், குன்னூர் சுமார் 1,710 மீட்டர், உதகை நிலையம் 2,203 மீட்டர். முதல் 28 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,380 மீட்டர் ஏறுகிறோம். மீதி 18 கிலோமீட்டரில் ஏறுவது 490 மீட்டர்தான். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் பாதை போட்ட பொறியாளர்களுக்கு நிலவியல் வரலாறு எழுதும் எண்ணம் இருந்திருக்காது. எங்கே பல் வேண்டும், எங்கே வேண்டாம் என்று மட்டும்தான் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தே மலையின் மிக முக்கியமான கோடு ஒன்றை இரும்பில் வரைந்துவிட்டார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பது ஒரு நிலம், கீழே இருப்பது வேறொரு நிலம். பாறை என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒரே பாறை, இரண்டு முகம்

நீலகிரியின் பாறை பெரும்பாலும் சார்னோகைட். சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான கல்தான், பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பது இந்த இனம். ஈஸ்ட் இந்தியா கம்பெனி ஆள் ஜாப் சார்னோக்கின் கல்லறை கொல்கத்தாவில் இருக்கிறது. அதன் மேல் பதித்த கல்லும் இதுவே. 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறையை நினைத்து வைத்த பெயர்தான் சார்னோகைட்.

நீலகிரியில் இருப்பதற்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அதில் உள்ள கனிமங்களைப் பார்த்தால், அவை உருவான இடம் பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே. இன்று அந்தக் கல் தொட்டபெட்டாவில் 2,637 மீட்டர் உயரத்தில் வெயில் காய்கிறது. இடையில் அதன் தலைமேல் இருந்த பல கிலோமீட்டர் பாறை எங்கேயோ போயிருக்கிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

இப்போது மேலேயும் கீழேயும் நடந்து பாருங்கள். உதகையைச் சுற்றி உருண்டு திரண்ட குன்றுகள். இடையில் அகன்ற, ஆழமில்லாத பள்ளத்தாக்குகள், சதுப்பு, அவசரமே இல்லாத ஓடைகள். புல்வெளிக்கு நடுவே மடிப்புகளில் ஒதுங்கிய சோலைகள். வெட்டினால் பல மீட்டர் ஆழத்துக்கு மண்தான், கல்லைப் பார்க்கவே நேரமாகும். குன்னூருக்குக் கீழே இறங்கினால் எல்லாம் தலைகீழ். ஓடைகள் பாறையில் விழுந்து சத்தம் போடுகின்றன, பள்ளத்தாக்குகள் கத்தியால் கீறியது போல் குறுகி நிற்கின்றன. மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வடக்கே மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. மேற்கே முக்குருத்தியின் உச்சியில் நின்றால் நிலம்பூர்ப் பக்கம் 2,000 மீட்டருக்கும் மேல் இறங்கிவிடுகிறது.

மேலே இருப்பது தேய்ந்து மழுங்கிய பழைய நிலம் என்றால், சுற்றிலும் இருப்பது இன்னும் வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கும் விளிம்பு. ஒரே பாறையில் இந்த இரண்டும் எப்படி?

தட்டுகள் செய்தது எவ்வளவு

மலை என்றாலே பூமியின் மேலோட்டுத் தட்டுகள் இரண்டு மோதிக் கிளம்பியது என்ற படம் பள்ளிக்கூடத்திலேயே மனதில் பதிந்துவிடுகிறது. இமயத்துக்கு அது சரி. நீலகிரிக்குப் பக்கத்தில் தட்டு விளிம்பே இல்லை. இங்கே நடந்தது மோதல் அல்ல, பிரிவு.

தென்கண்டங்கள் எல்லாம் ஒட்டியிருந்த கோண்டுவானா என்ற பழங்கண்டத்தின் ஒரு துண்டாக இந்தியா இருந்தபோது அதன் மேற்குக் கரையில் மடகாஸ்கர் ஒட்டியிருந்தது. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பிரிந்தது. பிறகு, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு கொட்டிய காலத்தை ஒட்டி, சீசெல்ஸ் துண்டும் விலகியது. பிரிந்த இடத்தில் கடல் வந்தது. அதுவரை கண்டத்தின் நடுவே இருந்த ஒரு மேட்டுநிலத்துக்கு, திடீரென்று பக்கத்திலேயே ஒரு பள்ளம். ஆற்றுக்கு வேறென்ன வேண்டும்? குறுகிய தூரத்தில் கடலைப் பிடிக்கலாம் என்றால், வேகமாக ஓடி ஆழமாக வெட்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை என்று நாம் சொல்வது உண்மையில் மடிந்து எழுந்த மலைத்தொடர் அல்ல. கண்டம் கிழிந்த ஓரத்தில், உள்நோக்கித் தேய்ந்து பின்வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு சுவர். காவிரியைப் பாருங்கள்: தலைக்காவிரியிலிருந்து அரபிக்கடல் 100 கிலோமீட்டருக்குள்தான். ஆனாலும் முதுகைக் காட்டிக்கொண்டு சுமார் 800 கிலோமீட்டர் கிழக்கே ஓடி வங்கக் கடலில் சேர்கிறது. மேற்கே அந்தச் சுவர் ஏற்படுவதற்கு முன்பே நிலம் கிழக்கே சாய்ந்திருந்தது என்பதற்கு இதை விட எளிய சான்று தேடவேண்டியதில்லை.

நீலகிரி இந்தச் சுவரின் வெறும் பகுதி மட்டும் அல்ல, அதிலிருந்து பாதி கழன்று நிற்கும் ஒரு கட்டி. காரணம் இன்னும் பழையது. மலைக்கு வடக்கே மோயாறு வழியாகவும் தெற்கே பவானி வழியாகவும் இரண்டு நீண்ட நறுக்கு மண்டலங்கள் போகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த இடங்கள். அங்கே கல் இழை இழையாக நசுங்கியிருக்கிறது. தண்ணீருக்கு அந்த இழைகள் போதும். இரண்டு பக்கமும் ஆறுகள் அந்த நலிந்த கோடுகளைப் பிடித்து அரித்துவிட, நடுவே உறுதியான சார்னோகைட் தனித்து நின்றது. மோயாற்றின் போக்கே இதற்குச் சாட்சி. பைக்காராவாக முக்குருத்திப் பக்கம் பிறந்து வடக்கே ஓடுகிறது, மலையிலிருந்து குதிக்கிறது, அப்புறம் பிளவைக் கண்டதும் கிழக்கே திரும்பி அதற்குள்ளேயே ஓடி பவானிசாகருக்கு வந்துவிடுகிறது.

பழைய நூல்களில் நீலகிரியை இருபுறமும் பிளவுகளுக்கு நடுவே தூக்கிவிடப்பட்ட பாறைக்கட்டி என்றுதான் எழுதியிருப்பார்கள். தூக்கினதா, சுற்றிலும் அரித்ததால் மிஞ்சியதா என்ற வழக்கு இன்றும் முழுதாக முடியவில்லை. என் கணிப்பு அரிப்பின் பக்கம். காரணம், தூக்கும் வேலையையும் அரிப்பே செய்துகொள்ள முடியும்.

பரிசல் கணக்கு

ஒகேனக்கல்லில் பரிசலில் பத்துப் பேர் ஏறினால் அது தண்ணீரில் அழுந்தும். இரண்டு பேர் இறங்கினால் சற்று மேலே வரும். பூமியின் மேலோடும் கீழே இருக்கும் அடர்த்தியான, மிக மிக மெதுவாக இளகிக்கொடுக்கும் பாறையின் மேல் இப்படித்தான் மிதக்கிறது. மேலோட்டின் அடர்த்தி சுமார் 2.7, கீழே இருப்பதற்கு சுமார் 3.3. ஆகவே ஒரு பெரிய பரப்பில் 100 மீட்டர் பாறையை அரித்து எடுத்தால், சுமார் 80 மீட்டர் அளவுக்கு நிலம் மீண்டும் எழும்பும். நிகர இழப்பு 20 மீட்டர்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எடை குறைவது பள்ளத்தாக்குகளில். எழும்புவதோ மொத்த நிலமும். மேலோடு விறைப்பானது; பள்ளத்துக்கு மட்டும் தனியாக எழும்பிக்கொடுக்க அதனால் முடியாது. ஆகவே சுற்றிலும் பள்ளம் வெட்டினால் நடுவே அரிபடாமல் நிற்கும் சிகரம் உயரக்கூடும். மழை ஒரு மலையை உயர்த்தும் என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. தட்டு நகர்ச்சி எழுப்புகிறது, மழை தேய்க்கிறது என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும் பாடப்புத்தகப் படம் இந்த இடத்தில் உதவாது.

ஆற்றுமணலில் இருக்கும் கடிகாரம்

சரி, எவ்வளவு வேகத்தில் அரிபடுகிறது? இதை அளக்க ஓர் அழகான வழி இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் நிலத்தின் மேல்மட்டத்தில் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் மணல் மணியைத் தாக்கும்போது அதில் பெரிலியம்-10 என்ற அணு கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அந்தக் கதிர் ஓரிரு மீட்டருக்குக் கீழே பெரிதாக இறங்காது. ஆகவே மெதுவாகத் தேயும் நிலத்தில், மணி மேலே வந்து நெடுநாள் கதிரில் கிடக்கும், பெரிலியம் நிறையச் சேரும். வேகமாக அரிபடும் நிலத்தில் மணி உடனே அடித்துக்கொண்டு போய்விடும், சேர்வது குறைவு. ஆற்றில் ஒரு பை மணல் அள்ளி வந்து அதிலுள்ள பெரிலியத்தை எண்ணினால், அந்த ஆற்றுக்கு நீர் தரும் பரப்பு முழுவதின் சராசரி தெரிந்துவிடும்.

தென்னிந்திய மேட்டுநிலங்களில் இப்படி அளந்தால் கிடைப்பது, பத்து லட்சம் ஆண்டுக்கு 10 மீட்டர் என்ற அளவு. விளிம்பில் அது பல மடங்கு, சில இடங்களில் 100 மீட்டரை ஒட்டிப் போகிறது. நமக்குப் புரியும்படி சொல்வதானால்: ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கலசம் கொடுத்த 1010ஆம் ஆண்டிலிருந்து இன்று வரை, இந்த வேகத்தில் மேட்டின் மேல்பரப்பு இழந்திருப்பது ஒரு சென்டிமீட்டர், சுண்டுவிரல் நகத்தின் அகலம். விளிம்பு இழந்திருப்பது ஒரு சாண் அளவுக்குள். இமயத்தின் வேகமான பகுதிகளில் மில்லிமீட்டர் கணக்கில் ஒவ்வோர் ஆண்டும் போகிறது, அதாவது அதே ஆயிரம் ஆண்டுகளில் மீட்டர் கணக்கு.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். மேட்டின் மேல் எறும்பு ஊருகிறது. விளிம்பில் ஊர்வது வேறு பிராணி.

இந்த வேறுபாட்டை நான் புரிந்துகொள்ளும் விதம் இது. ஆறு வெட்ட ஆரம்பிப்பது கீழிருந்து, மேலிருந்து அல்ல. கடல் பக்கத்திலோ சமவெளியிலோ பள்ளம் விழுந்தால், அங்கே ஆற்றில் ஒரு படி ஏற்படும். அருவி மாதிரி. அந்தப் படி ஆண்டாண்டாக ஆற்றின் மேல்நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே போகும். கீழே நிலம் இறங்கிவிட்டது என்ற செய்தியை மேலே கொண்டுபோகும் தபால்காரர் அதுதான். படி வந்து சேராதவரை மேலே இருக்கும் ஓடைக்கு எதுவும் தெரியாது, பழைய பழக்கத்தில் சதுப்பில் வளைந்து வளைந்து ஓடும். கெத்தி, உதகைப் பள்ளத்தாக்குகள் அப்படிச் செய்தி கிடைக்காதவை. குன்னூர் ஆறும் காட்டேரி ஆறும் சேரும் இடத்தை ஒட்டி லாஸ் அருவி விழுகிறது. தபால்காரர் இப்போது நிற்கும் இடங்களில் ஒன்று அது. பல்சக்கரம் முடிவதும் அங்கிருந்து சிறிது தூரத்தில்தான் என்பதில் தற்செயல் ஒன்றும் இல்லை.

இந்தச் செய்தி இன்னும் மேலே வந்து சேராததால் லாபம் பார்த்தவர்களும் உண்டு. பைக்காரா ஆறு மேட்டிலிருந்து குதிக்கும் 900 மீட்டருக்கும் மேலான வீழ்ச்சியைக் குழாயில் இறக்கி 1930களின் தொடக்கத்தில் மின்சாரம் எடுத்தார்கள். கோயம்புத்தூர் மில்கள் அந்த மின்சாரத்தில் பெருகின. மலை முழுக்க ஒரே சீரான சரிவாகத் தேய்ந்திருந்தால் அப்படி ஒரே தாவாக இறங்கும் தண்ணீர் கிடைத்திருக்காது.

இரண்டு பருவமழையும் இரண்டு பக்கம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழைதான் எல்லாம். நீலகிரிக்கு அப்படி இல்லை. ஜூன் முதல் மேற்கு ஓரம் நனைகிறது: கூடலூர், தேவாலா, குந்தாப் பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவானது. கோவையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதை விட அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை எதிர்ப்பக்கத்தைப் பிடிக்கிறது: குன்னூர், கோத்தகிரி. நடுவே உதகைக்கு இரண்டிலும் பங்கு உண்டு. ஆக இந்த மலையை இரண்டு பக்கமும் முறை வைத்துக் கடிக்கிறார்கள்.

மழை எப்போதும் இப்படியே பெய்ததும் இல்லை. உதகையைச் சுற்றியுள்ள சதுப்புகளில் மக்காத செடிகொடிகள் கரியாக அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன. அந்தக் கார்பனில் புல்லின் முத்திரை வேறு, மரத்தின் முத்திரை வேறு. 1993இல் வெளியான ஆய்வில் அதைப் படித்துக் காட்டினார்கள்: கடைசிப் பனியூழி உச்சத்தில் இருந்த ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே வறட்சி, புல் ஓங்கியிருந்தது, பனி விலகிப் பருவமழை வலுத்தபோது ஈரம் கூடி மரவகைகள் பெருகின. மழை கூடினால் அரிப்பும் கூடும் என்று சொல்லிவிடத் தோன்றும். அவ்வளவு நேராக இல்லை. மழை கூடினால் சோலையும் கூடும், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வறட்சியில் பசுமை போய், அடுத்து ஒரு பெருமழை வந்தால்தான் மண் மொத்தமாகக் கிளம்பும். அப்படிப் பார்த்தால் மொத்த மழையளவை விட, அது எப்படி மாறுகிறது என்பதே பெரிய விஷயம்.

நவம்பர் 2009

விளிம்பில் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சாணுக்குள் என்றேன். அது சராசரி. உண்மையில் அப்படி யாரும் அளந்து சீவி எடுப்பதில்லை. பல ஆண்டுகள் ஒன்றும் நடக்காது, ஓர் இரவில் பத்து மீட்டர் போய்விடும்.

2009 நவம்பர் 10ஐ ஒட்டிய நாட்களில் குன்னூர், கெத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் விடாமல் பெய்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலையும் ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தன. அதற்கு முன் 1993 நவம்பரில் மரப்பாலத்தில் சாலையே காணாமல் போனது. 1978இலும் 1979இலும் நடந்தது.

ஏன் சரிகிறது என்பதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம், பர்லியாறுக்கு மேலே சாலைக்காக வெட்டிய சுவர் ஒன்றின் முன் ஐந்து நிமிடம் நின்றால் போதும். மேலே ஒரு முழம் கறுப்பு மண். அதற்குக் கீழே செங்கல் நிறத்தில் இரண்டு மூன்று ஆள் உயரம். அதற்குள் ஆங்காங்கே பதிந்திருக்கும் உருண்டைக் கற்கள், வெங்காயம் போல் தோல் தோலாக உரிந்துகொண்டு. விரலால் அழுத்தினால் வெளித்தோல் பொடிந்துவிடும், உள்ளே கல் கறுப்பாக, நீலமாக அப்படியே இருக்கும். சிவப்பு மண்ணும் ஒரு காலத்தில் அதே கல்தான். உற்றுப் பார்த்தால் பாறையின் பழைய வெடிப்புக் கோடுகள் மண்ணுக்குள் இன்னும் ஓடுவது தெரியும். இன்னும் கீழே வெளிறிய, வழவழப்பான களி. சில இடங்களில் இந்த மட்கிய அடுக்கு முழுவதும் சேர்த்துப் பல பத்து மீட்டர் கனம்.

நாள் கணக்கில் மழை பெய்தால் தண்ணீர் சிவப்பு மண் வழியாக இறங்கும். களியில் வந்து தேங்கும். மண் துகள்களுக்கு நடுவே தண்ணீரின் அழுத்தம் ஏற ஏற, ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருந்த துகள்கள் பிடியைத் தளர்த்தும். அதற்கு மேல் பிடித்து வைக்க எதுவும் இல்லை. பல லட்சம் ஆண்டுகளாக மேட்டின் மேல் மெதுவாக மட்கிச் சேர்ந்த மண் விளிம்புக்கு வந்து நிற்கிறது, அங்கே சரிவோ செங்குத்து. இரண்டும் சேரும் இடம்தான் ஆபத்தான இடம். மேலே மட்டும் இருந்தால் மண் நகராது. விளிம்பில் மட்டும் உருவாகியிருந்தால் இவ்வளவு கனம் சேர்ந்திருக்காது.

இதில் நம் கையும் இருக்கிறது. சோலையை எடுத்துத் தேயிலை வைத்தோம், ஓடையின் வாயில் வீடு கட்டினோம், சரிவின் அடிக்காலை வெட்டிச் சாலை போட்டோம். தாங்கு சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைக் குழாய்கள் விடுவார்கள். கனமழையில் அவற்றில் தண்ணீர் கொட்டினால் நல்லது. மழை கொட்டும்போது குழாய் காய்ந்து கிடந்தால், உள்ளே எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கிறது. தெளிவாக வந்த ஊற்று திடீரென்று செம்மண்ணாகக் கலங்கினாலும் அங்கே நிற்கக் கூடாது. நான் ஒரு முறை அந்தப் பாதையில் இப்படிக் காய்ந்து கிடந்த சுவரின் அடியில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நடந்ததும் இதே விளிம்பின் மேற்கு நீட்சியில்தான். 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர். உச்சிக்கு அருகே பிய்ந்த மண் ஓடையைப் பிடித்துக்கொண்டு சுமார் 8 கிலோமீட்டர் ஓடியது. 250க்கும் மேற்பட்டோர் போனார்கள். பலரின் உடல்கள் நிலம்பூரில், சாலியாற்றில் கிடைத்தன. ஆற்றின் மொழியில் சொன்னால் அது வழக்கமான பாதை: விளிம்பிலிருந்து எடுத்ததைக் கடல் பக்கம் கொண்டுபோவது.

கிழக்கே போகும் மண் அவ்வளவு தூரம் போவதில்லை. குந்தாவிலும் பில்லூரிலும் அணைக்குள் படிந்துவிடுகிறது. மேலே உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்ட சரிவுகளிலிருந்து வருவது அதில் எவ்வளவு, விளிம்பிலிருந்து பெயர்ந்தது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். வேகத்தை வைத்துக் கொஞ்சம் ஊகிக்கலாம்: ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் தரும் நிலம், ஐம்பது அறுபது ஆண்டுகளில் அணையைத் தூர்க்காது.

போன முறை குன்னூரில் இறங்கியபோது மாலை நான்கு மணி இருக்கும். ஒரு மணி நேரம் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. லாஸ் அருவிப் பக்கம் சாலையோரத்தில் நின்று பார்த்தேன். காட்டேரியிலிருந்து வந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது, பாறையில் மோதி விழுந்த இடத்தில் மட்டும் நுரை வெள்ளை. அருவியின் உதட்டில் ஒரு பாறைத் துண்டு விரிசல் விட்டு, ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு, இன்னும் விழாமல் நின்றது.